கூந்தலும் புனலும்

சென்னையிலிருந்து தலைநகர் நோக்கி வரும் தமிழ்நாடு விரைவு வண்டியில் உறவினர் எவரேனும் வருகின்றார் என்றால், அவர் சுமந்து வரும் பொருள்களுள் அப்பளமும் வடகமும் இருக்கும்; காப்பித்தூள் இருக்கும். இவற்றினிடையே, துணிப்பையில் இறுகக் கட்டிய சீயக்காய்த்தூளும் தவறாது இருக்கும். பையை அவிழ்த்ததும் வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒருமுறை தும்முவர். அத்தும்மலே ஊரிலிருந்து வந்த முதற் செய்தி. வடபுலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் இதனை அறியாதார் மிகச் சிலரே ஆவர்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. பதின்மூன்று வயதுப் பெண், பள்ளியின் நீச்சற் குழுவில் சேர்ந்தாள். வாரத்தில் ஐந்து நாள் குளத்தில் பயிற்சி. இடுப்பளவு நீண்டிருந்த அவள் கூந்தல் ஆறு திங்களுக்குள் செம்பட்டை பாய்ந்து, நார்போல் வறண்டு, சீப்பில் கொத்துக் கொத்தாக முறிந்து வரலாயிற்று. கூந்தலைத் தோளளவாக வெட்டிவிடலாம் என்றார் தாயார். தஞ்சைச் சீமையிலிருந்து எம்முடன் தங்க வந்திருந்த அப்பாயி அதனைக் கேட்டு அன்று இரவு உணவு கொள்ளவில்லை.

"அப்பாயி, முடி என் முடிதானே?" என்றாள் சிறுமி.

"உன் முடிதான் கண்ணு. ஆனா அதைப் புடிச்சுப் பின்னிவிட்ட கை என் கையாச்சே" என்றார் முதியவர்.

இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. தீர்ப்புக் கூறும் தகுதி எமக்கு இல்லை. ஆயினும் தலைமுழுகுதல், உலர்த்துதல், நீராடுதல் என்னும் இம்மூன்றையும் குறித்து நம் முன்னோர் எழுதி வைத்தவற்றையும், பிற்காலத்து அறிஞர் கண்டு கூறியவற்றையும் தேடிப் பார்க்கும் ஆவல் பிறந்தது. அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

மணமும் மணநீரும்

பழந்தமிழர் வாழ்வில் தலைக்கு நீர் வார்த்தல் அழுக்கு நீக்கும் செயலாக மட்டும் இருக்கவில்லை. அது ஒரு சடங்கு. வாழ்வின் திருப்பங்களை அறிவிக்கும் குறியீடு. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகின்றார். அதில் தீவலம் இல்லை. திங்கள் உரோகிணியோடு கூடிய நல்ல நாளில், மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி, மணப்பெண்ணின் தலைமேல் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து வாழ்த்துகின்றனர். ஈரமான மலரிதழும் நெல்மணியும் அவளது கருங்கூந்தலில் ஒட்டிக்கொண்டு விளங்குகின்றன. தலைநீராட்டே அங்கு மணவினையின் உயிர்ப்பகுதியாக அமைந்திருத்தலை நாம் காண்கின்றோம். இன்றும் நம் வீடுகளில் மணநாளுக்கு முன் மணமக்களுக்கு எண்ணெய் தேய்த்து நலங்கு வைக்கும் வழக்கம் அதன் தொடர்ச்சியாகவே தோன்றுகின்றது.

கூந்தலின் மணம் இயற்கையா, செயற்கையா என்பதே தமிழ்நாட்டின் புகழ்பெற்ற இலக்கிய வழக்குகளுள் முதன்மையானது. குறுந்தொகையின் 2ஆம் பாடலை ஒட்டி எழுந்த நக்கீரர் கதையைத் திருவிளையாடற் புராணம் வாயிலாக நாம் அனைவரும் அறிவோம். மலரும் சாந்தும் சேர்வதாலேயே கூந்தல் மணக்கும் என்று நக்கீரர் வாதிட்டார் என்பது கதை. இறைவனோடு வழக்காடும் அளவுக்கு ஒரு சமுதாயம் கூந்தலைப் பொருட்படுத்தியது என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் தகும்.

கூந்தலை ஐம்பால் என்றும் சான்றோர் அழைத்தனர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாக முடிக்கப்படுதலால் அப்பெயர் பெற்றது என்பர் உரையாசிரியர். ஒரு பொருளுக்கு இத்துணைப் பெயரும் வகையும் வகுத்த மொழி, அதனைக் கழுவும் முறையையும் வகுக்காமல் விட்டிருக்குமா?

சிலம்பு காட்டும் இரு கூந்தல்கள்

வகுத்தே வைத்திருக்கின்றது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இளங்கோவடிகள் மாதவியின் நீராட்டை விரிவாக உரைக்கின்றார். பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் அவள் கூந்தல் நீராட்டப் பெறுகின்றது. பின்னர் அது புகையில் உலர்த்தப்படுகின்றது. உலர்ந்த கூந்தலை வகை வகையாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் கத்தூரிக் குழம்பு ஊட்டப்படுகின்றது. கழுவுதல், உலர்த்துதல், மணமூட்டுதல் என்று மூன்று படிகள் இங்கு முறையாக அமைந்திருத்தலைக் காணலாம்.

இப்பொருள்கள் இன்னின்ன என்பதைப் பழைய உரைகள் பட்டியலிட்டுத் தருகின்றன. பூவந்தி, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகியன பத்துத் துவர். கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியன ஐந்து விரை. இவற்றுள் பூவந்தி என்பது இன்று நாம் பூந்திக்கொட்டை என்று வழங்கும் நுரைக்கும் காய். வடநாட்டுக் கடைகளில் இதனை ‘ரீட்டா’ என்று கேட்டால் தருவர். மாதவியின் துவரும் நம் தெருமுனை மளிகைக் கடையின் ரீட்டாவும் ஒன்றே என்று எண்ணுந்தோறும் தொலைவு சற்றுக் குறைவது போன்ற உணர்வு நமக்கு உண்டாகின்றது.

ஆனால் இளங்கோவடிகள் இந்நீராட்டை எந்த நாளில் வைத்தார் என்பதையும் நோக்க வேண்டும். ஊடியிருந்த கோவலனை மகிழ்விப்பதற்காக மாதவி இவ்வாறெல்லாம் தன்னை அணி செய்துகொள்கின்றாள். அதன் பின்னரே இருவரும் கடலாடச் செல்கின்றனர். அக்கடற்கரையிலேயே கானல்வரி பிறக்கின்றது. கோவலன் அவளைப் பிரிகின்றான். நாற்பத்தேழு வகை நறும்பொருளும் அவனை நிறுத்தவில்லை.

அதே காப்பியத்தில் இதற்கு முன்பே, அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கணவனைப் பிரிந்த கண்ணகியின் கூந்தல் நெய்யணிதலை மறந்திருந்தது என்று அடிகள் குறிக்கின்றார். எண்ணெய் காணாத கூந்தல் துயரத்தின் அடையாளம். இறுதியில் அக்கூந்தலே விரிந்து புழுதி படிந்த நிலையில் பாண்டியன் அவைக்கு வருகின்றது. அக்கோலத்தையும் கையிலிருந்த ஒற்றைச் சிலம்பையும் கண்ட மன்னன் உயிர் நீங்குகின்றான். கழுவிய கூந்தலால் ஒரு காதலனை நிறுத்த இயலவில்லை. கழுவாத கூந்தல் ஓர் அரசை வீழ்த்தியது. பாரதியாரின் பாஞ்சாலியும் கூந்தலை முன்வைத்தே சூளுரைக்கின்றாள்.

இம்மரபில் கறையும் உண்டு. கணவனை இழந்த மகளிரின் கூந்தலைக் களையும் கொடிய வழக்கம் சில குடும்பங்களில் 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. கூந்தலை மங்கலத்தின் அடையாளமாக ஏற்றிய சமுதாயம், அம்மங்கலம் போயிற்று என்று கருதியபோது அதனைப் பறித்தும் கொண்டது. ‘முடி என் முடிதானே’ என்று எம் வீட்டுச் சிறுமி கேட்ட வினாவின் பின்னே இவ்வரலாறும் நிற்கின்றது. தன் கூந்தலைத் தானே ஆளும் உரிமை நம் பாட்டிமார் பலருக்குக் கிட்டாத ஒன்று.

காயும் இலையும் செய்யும் வேலை

காப்பிய மகளிரின் துவரும் விரையும் எல்லார்க்கும் எய்துவன அல்ல. ஊர்ப்புறத்து எளிய மக்களுக்குச் சீயக்காயும் அரப்பும் போதுமானவையாக இருந்தன. சீயக்காய் காட்டுக்கொடியில் காய்ப்பது. அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்தது. இவற்றிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் உள்ளது. அதன் மூலக்கூற்றின் ஒருபுறம் நீரை நாடும். மறுபுறம் எண்ணெயை நாடும். அதனால் தலையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி நீரோடு இழுத்துச் செல்கின்றது.

சவர்க்காரமும் இதே வேலையைச் செய்வதுதான். ஆயினும் இரு வேறுபாடுகள் உண்டு. முதலாவது, சவர்க்காரம் காரத்தன்மை உடையது. மயிரிழையின் மேற்புறம் மீன் செதில் போன்ற நுண்ணிய ஓடுகளால் போர்த்தப்பட்டிருக்கின்றது. காரம் பட்டால் இழை உப்பிச் செதில்கள் எழுந்து நிற்கும். இழைகள் ஒன்றோடொன்று சிக்கும். சீயக்காய்க் கரைசல் சிறிது புளிப்புத்தன்மை உடையதாகலின் செதில்கள் படிந்தே இருக்கும். இரண்டாவது வேறுபாடு தலைநகர் வாழ்வார்க்கு மிகவும் வேண்டுவது. இங்குப் பல பகுதிகளில் கிடைக்கும் நிலத்தடி நீர் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத திரையாகத் திரண்டு கூந்தலில் ஒட்டிக்கொள்ளும். ஊரில் காவிரி நீரில் பளபளத்த கூந்தல் இங்கு வந்ததும் மங்கிப் போயிற்று என்று நம் மகளிர் குறைபட்டுக்கொள்வது வெறும் ஊர்ப்பாசம் அன்று. அதில் வேதியியலும் இருக்கின்றது.

எண்ணெய் முழுக்கு ஆடவர்க்கும் உரியதாகவே இருந்தது. புதனும் சனியும் ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்று நாள் வகுத்திருந்தனர். ஔவையாரும் ஆத்திசூடியில் சனிக்கிழமை நீராட்டை அறிவுரையாகச் சொல்லியிருக்கின்றார். தீபாவளி விடியலில் பெரியவர் கையால் எண்ணெய் வைத்துக்கொள்ளாத தமிழ்ப் பிள்ளை எந்த நகரில் இருந்தாலும் அன்று ஏதோ ஒன்றை இழந்ததாகவே உணர்கின்றது.

எண்ணெயின் பயன் வெறும் நம்பிக்கையன்று. 2003ஆம் ஆண்டில் மும்பை ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு, தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தது. தலை கழுவுவதற்கு முன் பூசினாலும் பின் பூசினாலும், மயிரிழை தன் புரதத்தை இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அதன் சிறிய லாரிக் அமில மூலக்கூறு இழையின் உள்ளே புகவல்லது என்பது அவர்கள் கூறிய காரணம்.

புகையும் வெயிலும் காற்றும்

உலர்த்துதல் தனிக் கலை. மயிரிழை நீரில் ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்று உப்பும். அந்நிலையில் அதன் உட்பிணைப்புகள் நெகிழ்ந்திருப்பதால் எளிதில் நீண்டு முறியும். ஈரத்தலையை வாரக்கூடாது என்று அப்பாயி கூறுவதன் உட்பொருள் இதுவே.

நெடுநல்வாடை கூதிர்காலத்து நகரைக் காட்டும்போது, மகளிர் குளிர்ச்சியான மாலைகளை வெறுத்து, கூந்தலில் சில மலர்களையே இட்டு, தகர விறகில் நெருப்பு மூட்டி, கரிய அகிலோடு வெண்ணிறமான அயிரையும் புகைத்தனர் என்று கூறுகின்றது. தில்லியின் தை மாதக் குளிரில் தலைமுழுகிய எவரும் அப்புலவரின் கூற்றை உரையின்றியே உணர்வர். அகில் அரிதாகிவிட்ட பிற்காலத்தில் அதன் இடத்தைச் சாம்பிராணி பெற்றது. தூபக்காலில் கனன்ற கரியின்மேல் சாம்பிராணியைத் தூவி, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கூந்தலைப் பரப்பிய காட்சி நம்மில் மூத்தோர்க்கு நினைவிருக்கும். மகப்பேற்று அறையிலும் குழந்தையின் தொட்டிலருகிலும் அப்புகை எழும்.

மேலைநாட்டில் உலர்த்தும் பொறி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிற்று. கையில் பிடிக்கும் மின்பொறி 1920களில் பரவியது. அதனால் கூந்தல் கெடும் என்ற அச்சம் பலர்க்கு உண்டு. 2011ஆம் ஆண்டில் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு நடுவழியைக் காட்டுகின்றது. மிகுந்த வெப்பம் மேற்புறச் செதில்களைக் கெடுக்கின்றது என்பது உண்மை. ஆனால் நெடுநேரம் ஈரத்திலேயே இருப்பதும் இழையின் உட்பிணைப்பைப் பாதிப்பதாக அவர்கள் கண்டனர். பொறியை 15 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து இடைவிடாது அசைத்து உலர்த்தினால் கேடு குறையும் என்பது அவர்கள் முடிபு. நேர் நெருப்பில் காட்டாமல் கூடையின் இடைவெளி வழியே இளஞ்சூட்டை ஏற்ற நம் பழைய முறையும் இதனையே அன்றோ செய்தது?

ஷாம்பு என்னும் சொல்லின் பயணம்

இன்று ஊர்தோறும் வழங்கும் ‘ஷாம்பு’ என்னும் சொல் ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்தது. ஆயினும் அதன் பிறப்பிடம் இந்தியாவே. அழுத்துதல், பிடித்துவிடுதல் என்னும் பொருள்தரும் ‘சாம்ப்னா’ என்ற இந்தி வினையிலிருந்து அது பிறந்தது. அதனை இங்கிலாந்தில் புகழ்பெறச் செய்தவர் பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்தவர். 1784இல் அயர்லாந்து சென்றார். 1794இல் அவர் வெளியிட்ட பயண நூல், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் என்று போற்றப்படுகின்றது. 1810இல் இலண்டனில் இந்திய உணவகம் ஒன்றைத் திறந்தார், அது நிலைக்கவில்லை. பின்னர் பிரைட்டன் கடற்கரை நகரில் மூலிகை நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் செய்யும் நிலையம் அமைத்தார். நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் நான்காம் வில்லியம் மன்னருக்கும் ‘ஷாம்பு மருத்துவர்’ என்னும் பட்டத்தோடு பணியாற்றினார். 1851இல் பிரைட்டனிலேயே மறைந்தார்.

உடல் பிடித்தலைக் குறித்த அச்சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலை கழுவுதலைக் குறிக்கலாயிற்று. பெர்லினில் ஹான்ஸ் சுவார்ட்ஸ்காப் 1903இல் தலைகழுவும் தூளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்; அவர் நிறுவனம் 1927இல் திரவ ஷாம்புவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1930களில் சவர்க்காரம் சேராத செயற்கைக் கழுவிகள் வந்தன. அவை கடின நீரிலும் திரை கட்டாமல் நுரைத்தன. அவற்றிற் பெரிதும் பயன்படும் சோடியம் லாரில் சல்பேட் என்னும் பொருள், தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைவகைக் கொட்டை எண்ணெயிலிருந்தோ பெறப்படும் லாரிக் பகுதியால் ஆயது. எண்ணெயை நீக்கும் கழுவியும் எண்ணெயிலிருந்தே பிறக்கின்றது!

இப்பயணத்தின் ஒரு முக்கியப் படி தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. போத்தல் ஷாம்பு செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், ஏழையும் வாங்கும்படி சிறு பொதிகளில் அடைத்து விற்கலாம் என்று கண்டவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் குடும்பத்தினர் 1970களின் இறுதியில் ‘வெல்வெட்’ ஷாம்புவைச் சிறு பொதிகளில் விற்றனர். அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டோடு தனித் தொழில் தொடங்கி ‘சிக்’ ஷாம்புவை ஊர்ப்புறமெங்கும் கொண்டு சென்றார். பெட்டிக்கடைதோறும் தோரணம் போல் தொங்கும் சிறு பொதிகள் அன்று தொடங்கியவையே. சீயக்காயை அரைக்க நேரமில்லாத உழைக்கும் மகளிர்க்கு அது பெரும் எளிமையைத் தந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று.

குளமும் கடலும்

இனி நீச்சலுக்கு வருவோம். நீச்சல் தமிழ்ப் பெண்களுக்குப் புதிது என்று கருதுவோர் உளர். அவர்கள் பரிபாடலின் வையைப் பாடல்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். புதுவெள்ளம் வந்தது என்று கேட்டதும் மதுரை மக்கள் ஆணும் பெண்ணுமாக நறுமணப் பொருள்களோடு ஆற்றை நோக்கி விரைகின்றனர். புறநானூற்றின் 243ஆம் பாடலில் கோல் ஊன்றிய முதியவர் ஒருவர், இளமையில் பெண்களோடு கைகோத்து ஆடியதையும், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையிலேறி ஆழ்மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததையும் எண்ணி ஏங்குகின்றார். காவிரி இழுத்துச் சென்ற ஆட்டனத்தியைத் தேடிக் கரையெல்லாம் அலைந்த ஆதிமந்தியின் கதையும் புனலாட்டின் விளைவே.

இந்திய மகளிரின் நீச்சலுக்கு இக்காலத்தில் பெருமை சேர்த்தவர் வங்கத்து ஆரத்தி சாகா. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சிறுமியாகக் கலந்துகொண்ட அவர், 1959 செப்டம்பர் 29 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அவ்வாறு கடந்த முதல் ஆசியப் பெண் அவரே. 1994இல் பன்னிரண்டு வயதுத் தமிழ்ச் சிறுவன் குற்றாலீசுவரன் பாக்கு நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தபோது, தலைநகர்த் தமிழ் வீடுகளிலும் பிள்ளைகளைக் குளத்திற்கு அனுப்பும் ஆர்வம் பெருகியது. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளுக்காகத் தால்கட்டோராவில் எழுந்த நீச்சற்குளத்தை நம்மில் பலர் அறிவோம்.

ஆற்றுக்கும் இக்குளங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆறு ஓடித் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். தேங்கிய குளத்து நீரைத் தூய்மை செய்யக் குளோரின் வேண்டும். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் குடிநீரை இம்முறையால் தூய்மை செய்யத் தொடங்கினர். பின்னர் நீச்சற்குளங்களுக்கும் அது பரவிற்று. நோய் பரவாமல் எத்தனையோ உயிர்களைக் காத்த பொருளே அது. ஆயினும் அது மயிரிழையின் இயற்கையான எண்ணெய்ப் பசையை அகற்றும். புரதத்தையும், கருநிறம் தரும் மெலனினையும் சிதைக்கும். பொன்னிறக் கூந்தலார்க்குக் குளத்தால் பச்சை நிறம் ஏறுவதும் உண்டு. அது குளோரினால் அன்று. நீரில் கரைந்த செம்பு இழையில் படிவதால் நேர்வது. நம் கருங்கூந்தலில் பச்சை தெரிவதில்லை. செம்பட்டையும் வறட்சியுமே தெரிகின்றன.

இதற்குரிய காப்பு எளியது. குளத்தில் இறங்கும் முன் கூந்தலை நல்ல நீரால் முழுதும் நனைத்துவிட வேண்டும். முன்பே நல்ல நீரை நிரம்பக் குடித்த இழை குளத்து நீரைக் குறைவாகவே ஏற்கும். உடல் வியர்வையும் கழுவப்படுதலால், அது குளோரினோடு சேர்ந்து எழுப்பும் நெடியும் குறையும். பின்னர் கூந்தலின் நுனிப்பகுதியில் சில துளி தேங்காய் எண்ணெய் தடவி, பின்னி, இறுக்கமான தொப்பிக்குள் அடக்க வேண்டும். எண்ணெய் வழிய விடலாகாது. அது பிறர் நீந்தும் நீரை மாசுபடுத்தும். கரையேறியதும் காயவிடாமல் நல்ல நீரால் அலச வேண்டும். வைட்டமின் ‘சி’ எஞ்சிய குளோரினைத் தீங்கற்ற குளோரைடாக மாற்றவல்லது. அது கலந்த நீரைத் தெளித்துக்கொள்ளும் வழக்கம் நீச்சல் வீரரிடையே உண்டு. அதன்பின் துவட்டும்போது தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பாதி உலர்ந்த பின் அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும்.

வழக்கின் முடிவு

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எடுத்துரைத்தோம். அப்பாயி பொறுமையாகக் கேட்டார். "ஆத்துல எறங்குறதுக்கு முந்தி நாங்க எண்ணெய் வச்சுக்கிட்டுத்தானே எறங்குவோம்? இதைச் சொல்ல இத்தனை புத்தகமா?" என்றார். எமக்கு மறுமொழி இல்லை.

ஆனால் நூல்கள் அவருக்குக் கசப்பான ஒன்றையும் கூறின. தலைக்கு வெளியே வந்துவிட்ட மயிரிழை உயிரற்றது. அது தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள மாட்டாது. கெட்ட பகுதியை எவ்வெண்ணெயும் மீட்காது. வெட்டுதல் ஒன்றே வழி. திங்களுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் புதிதாக வளர்வதை மட்டுமே நாம் காக்க இயலும். அதாவது பழையதற்குத் தாயார் சொன்னது சரி. புதியதற்கு அப்பாயி சொன்னது சரி. இதனைக் கேட்ட முதியவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை கத்தரிக்கோலைத் தாமே எடுத்து வந்து, "வெளியில எவன்கிட்டயும் வேண்டாம்" என்று கூறி, பேத்தியை முற்றத்தில் அமர்த்தி, தோளுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டிவிட்டார். வெட்டிய பின்னலைக் காகிதத்தில் சுற்றித் தம் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். சிறுமி தொடர்ந்து நீந்தினாள்.

அப்பாயி இன்று இல்லை. அப்பெண் இப்போது பெங்களூரில் பணிபுரிகின்றாள். சென்ற ஆண்டு எமக்கு அழைத்து, சீயக்காய்ப் பக்குவம் கேட்டாள். தலைநகரில் மாவரைக்கும் நிலையத்தார் சீயக்காயை அரைத்துத் தர மறுத்துவிடுவர். காரம் அடுத்தவர் கோதுமையில் ஏறிவிடும் என்பது அவர்கள் அச்சம். தமிழ்நாட்டிலோ அதற்கெனத் தனிப் பொறியே வைத்திருப்பர். ஆதலால் ஊரிலேயே அரைத்து அனுப்புமாறு கூறி, அப்பாயியின் அளவை எழுதி அனுப்பினோம்: சீயக்காய் ஒரு கிலோ, பாசிப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு 100 கிராம், நிழலில் காய்ந்த செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி, காய்ந்த எலுமிச்சைத் தோல் ஒரு கைப்பிடி. இலை நீங்கலாக மற்றவற்றை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அரைக்க வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்து வாழும் நாம், எதைக் காப்பது, எதை விடுவது என்னும் வினாவை நாள்தோறும் எதிர்கொள்கின்றோம். நம் பிள்ளைகளின் கூந்தல் நீண்டே இருக்க வேண்டும் என்பதில்லை; அது அவர்கள் விருப்பம். நீரில் இறங்குமுன் எண்ணெய் வைத்துவிடும் ஒரு கை வீட்டில் இருக்கட்டும். அக்கை ஓய்ந்த பின், அதன் அளவை அறிந்த ஒருவரேனும் எஞ்சி இருக்கட்டும். வண்டியிலிருந்து இறங்கும் துணிப்பையை அவிழ்க்கும்போது நம் பேரப்பிள்ளைகளும் ஒருமுறை தும்முவார்களாயின், அதுவே நமக்குப் போதும்.